உடற்பயிற்சியின்போது படபடப்பா? முதலில் நாடியைப் பாருங்கள்

ஓடும்போது இதயம் வேகமாகத் துடிப்பது இயல்பு. நின்றதும் படிப்படியாகத் தணியும். திடீரென்று படபடத்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ பயிற்சியை நிறுத்தி உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஸ்மார்ட் வாட்சை மட்டும் நம்ப வேண்டாம். கை அசைவில் அது பிழையாகக் காட்டக்கூடும்.

எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதிவையுங்கள். படபடப்பு அடங்கியபின் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால் அந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

எப்போதாவது ஒரு துடிப்பு தவறியதுபோல் தோன்றுவது பெரும்பாலும் ஆபத்தில்லை. அடிக்கடி வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, மருத்துவரைப் பார்க்கும்வரை கடும் பயிற்சி வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று படபடப்புடன் வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாதீர்கள்.