உங்கள் ஃபோனில் எல்டாக் ஓடுகிறதா? பார்ப்பது இப்படித்தான்

எல்டாக் (LDAC, புளூடூத்தில் பாட்டை உயர்ந்த தரத்தில் அனுப்பும் சோனியின் முறை) உள்ள ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி இரண்டு வாரம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அத்தனை நாளும் பாட்டு வந்தது எல்லா புளூடூத் ஹெட்ஃபோனிலும் இருக்கும் சாதாரண எஸ்பிசி (SBC) முறையில் என்று. பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஃபோன், ஹெட்ஃபோன் இரண்டிலும் ஒரே கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, இருக்க வேண்டும்; இரண்டுக்கும் பொதுவாக வேறு எதுவும் அமையாவிட்டால் எஸ்பிசிதான்.

முதலில் ஹெட்ஃபோனை இணைத்து ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் அபவுட் ஃபோனுக்குப் போய், பில்ட் நம்பரை 7 முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்துவிடும். அதில் 'புளூடூத் ஆடியோ கோடெக்' என்ற வரியைத் தேடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பட்டியலில் எல்டாக் இருந்தது, ஆனால் மங்கலாக, தொட்டால் அசையவில்லை. ஃபோனில்தான் கோளாறு என்று நினைத்து ரீசெட் வரை போய்விட்டேன். காரணம் ஹெட்ஃபோனின் ஆப்பில் இருந்தது. அதில் 'நிலையான இணைப்புக்கு முன்னுரிமை' என்று வைத்திருந்தது. அதை 'ஒலித்தரத்துக்கு முன்னுரிமை' என்று மாற்றி மறுபடி இணைத்ததும் எல்டாக் பளிச்சென்று வந்தது.

தேர்ந்தெடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். வெளியே வந்து மீண்டும் உள்ளே போய்ப் பாருங்கள். எல்டாக் அப்படியே நின்றால் சரி. எஸ்பிசிக்குத் திரும்பியிருந்தால் இரண்டில் ஒன்றுக்கு அது ஒத்துவரவில்லை. ஆண்ட்ராய்டில் எல்டாக் வந்தது 2017-இல், 8-ஆம் பதிப்போடு. அதற்கு முந்தைய ஃபோன் என்றால் பெரும்பாலும் கிடைக்காது. ஆப்ட்எக்ஸ் எச்டி (aptX HD) என்ற இன்னொரு உயர்தர கோடெக்கையும் இதே இடத்தில் பார்க்கலாம்.

இதற்காகத் தனி ஆப் எதுவும் போடாதீர்கள். ஃபோனின் திரையே உண்மையைச் சொல்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மாற்றியது பல ஃபோன்களில் அடுத்த இணைப்பில் கலைந்துவிடும். அதனால் புளூடூத் பக்கத்தில் ஹெட்ஃபோன் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரத்தைத் தட்டி, 'எச்டி ஆடியோ'வை அங்கே ஆன் செய்வதுதான் எனக்குப் பிடித்த வழி.

எல்டாக்கின் வேகத்தில் 990 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வீட்டில் அருமை. கூட்டமான பேருந்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது. அங்கே 660 போதும்.

பிற்சேர்க்கை: ஐஃபோன் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அதில் எல்டாக்கும் இல்லை, ஆப்ட்எக்ஸும் இல்லை. ஏஏசி (AAC) என்ற கோடெக்தான், தேட வேண்டாம்.

இன்னொன்று: எல்லாம் சரியாக இருந்தும் எல்டாக் வராதவர்கள், ஹெட்ஃபோன் அதே நேரத்தில் லேப்டாப்போடும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில ஹெட்ஃபோன்களில் ஒரே சமயத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதியை ஆன் செய்தால் எல்டாக் போய்விடும். அதை அணைத்துவிட்டு மறுபடி இணையுங்கள்.