பழனிக்கு மேலே ஒரு மைதானம்: செட்டிநாட்டுக்கு வரும் கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர்கள் சில ஆண்டுகளாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இந்தியாவில் கோல்ஃப் ஆட எது நல்ல இடம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வார விடுப்பில் வருகிறவர்கள். அதற்குள் ஒரு கல்யாணம் இருக்கும், அல்லது முன்னோருக்குப் படையலிடும் ஒரு படைப்பு இருக்கும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயிலுக்கு ஒரு நாள், பிள்ளையார்பட்டிக்கு ஒரு காலை, வயதான ஆச்சியோடு வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) உட்கார்ந்து பேசச் சில மாலைகள். இவையெல்லாம் போக மிஞ்சுவது மூன்று நாள். அந்த மூன்று நாளுக்கு எந்த மைதானம் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். நாட்டின் தலைசிறந்த பத்து மைதானங்கள் என்று வரும் பட்டியல்கள் இதற்கு உதவுவதில்லை. அவை டெல்லியில் இறங்கி டெல்லியிலேயே விமானம் ஏறுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டை ஊராகக் கொண்டவர்களுக்குக் கொடைக்கானல்தான். ஏன் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று நம் ஊர்ப்பக்கத்தில் கோல்ஃப் மைதானம் கிடையாது. "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, ஒன்று அமைத்தால் என்ன?" என்று ஆர்வத்தோடு கேட்கிற இளைஞர்கள் உண்டு. வேண்டாம் என்றே சொல்வேன். இது மழையை நம்பி வாழும் செம்மண் பூமி. ஓட்டுக் கூரையில் விழுந்த மழையை வளவு வாசலில் அண்டா வைத்துப் பிடித்த வீடுகள் நம்முடையவை. குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று காவல் போட்ட ஊர்கள் இவை. பதினெட்டுக் குழி மைதானத்தின் புல்லை ஆண்டு முழுவதும் பச்சையாக வைத்திருக்கும் அளவு தண்ணீரை இந்த மண்ணுக்கு அடியிலிருந்து உறிஞ்சுவது நியாயம் ஆகாது. மலையில் மழை உண்டு; ஆட நினைப்பவர்கள் மலைக்குப் போவதே முறை.

மற்ற இடங்கள்

நாட்டின் பெரிய பெயர்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் மன்றம் இல்லை. காசிக்குப் போகும் திட்டம் இருந்தால் கொல்கத்தா வழியாகப் போய் அதையும் பார்த்துவிடலாம். காஷ்மீரின் குல்மார்க் கோடைக்கு மட்டும். குளிர்காலத்தில் அது பனிச்சறுக்கு ஊர். பெங்களூரில் 1876-இல் தொடங்கிய பழைய மன்றமும் உண்டு, நந்தி மலை அருகே விடுதியோடு கூடிய புதிய மைதானமும் உண்டு. மலேசியாவில் நீங்கள் பழகிய பராமரிப்பும் மைதானத்துக்குள் ஏறிச் செல்லும் பக்கி வண்டியும் வேண்டுமென்றால் பெங்களூர் உங்களுக்கு நிறைவளிக்கும். ஆனால் காரைக்குடியிலிருந்து அது 400 கிலோமீட்டருக்கு மேல். போய்வரும் இரண்டு நாளும் சாலையிலேயே கழியும்.

சென்னையில் விமானம் மாறுகிறவர்களுக்கு நந்தனத்தில் அடையாற்றை ஒட்டிய காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம் வசதி. கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் உள்ள மைதானத்தை நம்பித் திட்டமிட வேண்டாம்; அந்த நிலத்தின் குத்தகை தொடர்பாக வழக்கு நடக்கிறது. கோயம்புத்தூரில் இறங்குகிறவர்களுக்குக் கதையே வேறு. செட்டிபாளையத்தில் ஒரு மைதானம், மேலே ஏறினால் வெலிங்டன், அதற்கும் மேலே உதகை. மூன்றுமே பதினெட்டுக் குழி. உதகை மைதானம் அழகில் எதற்கும் குறைந்ததில்லை. வெலிங்டன் ராணுவக் குடியிருப்புப் பகுதியில் இருப்பதால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அனுமதி உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் செட்டிநாட்டிலிருந்து நீலகிரிக்கு ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் பயணம். ஆச்சியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக நான் தயங்குவேன்.

கொடைக்கானல் ஏன்?

வரைபடத்தைப் பாருங்கள். காரைக்குடியில் புறப்பட்டுத் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல், பிறகு வத்தலக்குண்டு, அங்கிருந்து மலைப்பாதை. மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினால் பிற்பகலில் மலையில் இருக்கலாம்.

இந்தச் சாலையின் பெரும்பகுதி உங்களுக்குப் புதிதல்ல. குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்படும் நகரத்தார் பாதயாத்திரை சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று இதே தடத்தில்தான் பழனிக்குப் போகிறது. உங்கள் ஐயா நடந்த சாலை அது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதத்தோடு போய்ப் பழகிய குடும்பங்களில் எத்தனையோ பேர், வாழ்நாளில் ஒருமுறையாவது குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடக்க வேண்டும் என்று தை மாதத்தில் விடுப்பு எடுத்து வருகிறார்கள். பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு நேராக ஒரு மலைப்பாதை ஏறுகிறது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர். யாத்திரை முடித்தவர் ஊருக்குத் திரும்பாமலே மேலே போய்விடலாம். நாட்டில் வேறு எந்த மைதானமும் நமக்கு இப்படி வழியில் அமையாது.

தையும் மாசியும் கொடைக்கானலில் ஆடுவதற்கும் மிக ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரை காய்ந்து, பந்து உருண்டோடும். விடியலில் புல்மீது உறைபனி இருக்கும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் ஐம்பது கஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆகவே முற்பகலில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் ஊரே நெரிசலில் திணறும், அப்போது வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

காவடி எடுப்பவர்கள் நடந்தே ஊர் திரும்புவார்கள். இந்தத் திட்டம் அவர்களுக்கு இல்லை. பழனியோடு நடையை முடித்துக்கொள்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வெறுங்காலால் அவ்வளவு தூரம் நடந்த பாதம் வீங்கியிருக்கும், கொப்புளம் கண்டிருக்கும். எனக்கு முதல் முறை கோல்ஃப் காலணிக்குள் கால் நுழையவே இல்லை. மலை ஏறிய பின் முழுதாக இரண்டு நாள் ஓய்வெடுத்து, மூன்றாம் நாள் ஆடுங்கள்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தூண் பாறைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பதினெட்டுக் குழிகள், ஏற்ற இறக்கமான புல்வெளி, ஓரங்களில் மரக்கூட்டம். ஏறத்தாழ 7,000 அடி உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளியில் நீங்கள் அடிப்பதைவிடப் பந்து கூடுதல் தூரம் போகும். 7-ஆம் எண் மட்டை எடுக்க நினைக்கும் இடத்தில் 8-ஐ எடுங்கள். மூச்சும் சீக்கிரம் வாங்கும், அதனால் முதல் நாளே பதினெட்டையும் ஆடிவிட வேண்டுமென்று நினைக்காதீர்கள்.

காட்டெருமைகள் மைதானத்தில் மேயும். ஏழெட்டாகக் கூட்டமாக நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். காலை ஒளியில் அந்தக் கரிய உடலும் வெள்ளைக் கால்களும் அப்படியொரு காட்சி. ஆனால் கிட்டே போய்ப் படம் எடுக்கக் கூடாது. அவை விலகும் வரை காத்திருங்கள். மட்டைப் பை சுமந்து உடன் வரும் கேடி சொல்லும் வரை அடிக்காதீர்கள்.

நீங்கள் ஆடும் நேரத்தில் வீட்டார் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகட்டும். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்துவாகி லீலாவதி என்று பெயர் கொண்ட மேல்நாட்டுப் பெண்மணி 1936-இல் எழுப்பிய கோயில் அது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனி மலை தெரியும். நான்கு நாள் முன்பு நீங்கள் படியேறிய குன்றை மேலிருந்து பார்க்கும்போது ஆச்சிமார் கைகூப்பாமல் இருக்க மாட்டார்கள். குறிஞ்சி பூத்தது 2018-இல். அடுத்த பூப்பு 2030-இல். அந்த ஆண்டு வர முடிந்தவர்கள் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகுமுன் செய்ய வேண்டியவை

நம் நாட்டின் பழைய மன்றங்கள் உறுப்பினர்களுக்கானவை. பணம் கட்டினால் யாரும் ஆடலாம் என்ற மலேசிய வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை மன்றத்தின் வாசலில், முன்கடிதம் இல்லை என்பதற்காக, மட்டைப் பையோடு நின்று திரும்பியிருக்கிறேன். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மன்றத்தின் செயலாளருக்கு எழுதுங்கள். உங்கள் ஊர் மன்றத்துக்கும் அந்த மன்றத்துக்கும் பரிமாற்ற ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தற்காலிக உறுப்பினர் முறையோ, உறுப்பினர் ஒருவரின் அறிமுகமோ வழி திறக்கும். ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனின் அளவு) சான்றிதழ், மன்றத்தின் அறிமுகக் கடிதம், கடவுச்சீட்டு, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தால் அதன் நகல், இவை கையில் இருக்கட்டும். வெளிநாட்டினருக்குக் கட்டணம் கூடுதலாக இருப்பது இங்கே வழக்கம். ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கு எது பொருந்தும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலர் வைத்த சட்டை வேண்டும், ஜீன்ஸ் கூடாது.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போக இ-பாஸ், அதாவது இணையத்தில் பதிந்து பெறும் நுழைவு அனுமதி, கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பதிவு செய்யலாம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். வாடகை வண்டி என்றால் அதன் பதிவு எண்ணை ஓட்டுநரிடம் முன்பே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் குப்பியில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

விமானம் திருச்சிக்கோ மதுரைக்கோ எடுங்கள். இரண்டிலிருந்தும் காரைக்குடி 90 கிலோமீட்டர் அளவில்தான். கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. மட்டைப் பைக்கான எடையைப் பயணச்சீட்டு எடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

கேடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கியில் ஏறிப் பழகியவர்களுக்குக் கேடியோடு நடப்பது முதலில் அந்நியமாக இருக்கும். ஆனால் இந்த மலை மைதானங்களை அறிந்தவர் அவர்தான். எந்தச் சரிவில் பந்து எந்தப் பக்கம் ஓடும், எந்தப் புதருக்குள் கை விடக் கூடாது என்பதெல்லாம் அவர் பல ஆண்டுகள் நடந்து கற்றது. பெரியவராக இருந்தால் "அண்ணே" என்று கூப்பிடுங்கள், விரலைச் சொடுக்கி அழைக்காதீர்கள். மன்றம் குறித்த கூலிக்கு மேல் கொடுப்பதை அவர் கையிலேயே ரூபாயாகக் கொடுங்கள். தமிழில் பேசுங்கள். வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளை தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழை, நான்கு மணி நேர நடையில் அவர் அளவு பொறுமையாகக் கேட்பவர் வேறு யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இறங்கும்போது வத்தலக்குண்டு வழியாக வந்தால் சாலையோரக் கடைகளில் மலை வாழைப்பழம் கிடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆச்சிக்கு ஒரு கிலோ வாங்கிப் போங்கள், ஆனால் மட்டைப் பைக்குள் வைக்காதீர்கள். ஆண்டுதோறும் வருகிறவர்கள் ஒரு பழைய மட்டைத் தொகுதியை ஊர் வீட்டிலேயே விட்டுவிடலாம். விமானச் செலவு மிச்சம். பட்டாலைக்கு (முன்கட்டுக் கூடத்துக்கு) உள்ளே, வெயில் படாத அறையில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிடியின் ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். அப்படி வெடித்தால் காரைக்குடியில் மாற்றுப் பிடி கிடைக்காது. புதிய பிடி இரண்டு மூன்றை வரும்போதே பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.