ஆல்பத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்: புது ஆம்பியன்ட், எலக்ட்ரானிக் இசையைத் தேடிப் பிடிக்க ஒரு வழி

உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஓர் ஆம்பியன்ட் ஆல்பத்தை, அதாவது பெரும்பாலும் வரிகள் இல்லாமல் ஒரு சூழல்போலப் பரவும் இசையின் ஆல்பத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சரி. இப்போதைக்கு அதைக் கேட்க வேண்டாம், படியுங்கள். வெளியிட்ட லேபிள் எது, கூட வாசித்தவர் யார், மாஸ்டரிங் செய்தவர் யார், அட்டைப்படம் யாருடையது. இந்த நான்கு பெயர்களும் கையில் இருந்தால் அடுத்த சில மாதங்களுக்குக் கேட்க வேண்டியது கிடைத்துவிடும். புது வெளியீடுகளைத் தேட வழிகள் நிறைய இருக்கின்றன. நான் விடாமல் செய்வது இதைத்தான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

நான் மெய்ப்புத் திருத்துபவள். நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிற வேலையில், வரிகள் உள்ள பாட்டு ஒத்துவராது. கண் ஒரு சொல்லைப் படிக்க, காது வேறொரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி வேலைக்காக வந்து சேர்ந்த இசை, இப்போது வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து கேட்கிற இசையாகிவிட்டது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் ஆல்பம் செய்தபோது, ஆம்பியன்ட் இசையைக் கவனிக்காமலும் விடலாம், கவனித்தால் சுவையும் இருக்க வேண்டும் என்கிற பொருளில் அதன் உறையில் எழுதினார். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கவனிக்காமல் விடுவதற்காகவே தயாராகும் ஒலியும் இதே பெயரில் கொட்டிக் கிடக்கிறது. தூக்கத்துக்கு, படிப்புக்கு, தியானத்துக்கு என்று வரும் பிளேலிஸ்ட்களைத் திறந்தால் தெரியும்.

அவற்றைப் பிரித்தறிவது கடினமில்லை. கலைஞர் பெயரைச் சொடுக்குங்கள். படம் இல்லை, ஊர் இல்லை, லேபிள் பெயர் இல்லை, எந்தக் கருவியில் எப்போது பதிவானது என்று ஒரு வரிகூட இல்லை, எல்லா டிராக்கும் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது என்றால் கடந்து போய்விடுங்கள். முகம் காட்டாத நல்ல கலைஞர்களும் உண்டு. ஆனால் அவர்களைப் பற்றி அவர்களுடைய லேபிளாவது நாலு வார்த்தை சொல்லியிருக்கும்.

சரி, பெயர்களைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது? ஓர் உதாரணம். ஜப்பானிய இசைக்கலைஞர் ரியூச்சி சகமோட்டோவின் பியானோ உங்களுக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியாகச் செய்தவற்றை விட்டுவிட்டு, கூட்டாகச் செய்தவற்றை மட்டும் பாருங்கள். 2002இல் ஆல்வா நோட்டோ என்ற பெயரில் இயங்கும் கார்ஸ்டன் நிக்கோலாயுடன் ‘விரியூன்’. அது வெளிவந்தது ஜெர்மனியின் ராஸ்டர்-நோட்டனில், நிக்கோலாயே பங்கெடுத்து நடத்திய லேபிள் அது. 2007இல் ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் ஃபென்னஸுடன் ‘சென்ட்ரே’. அது வந்தது லண்டனின் ‘டச்’ (Touch) என்ற லேபிளில். 2013இல் டெய்லர் டுப்ரீயுடன் ‘டிஸப்பியரன்ஸ்’. அது வந்தது டுப்ரீ 1997இல் தொடங்கிய 12கே லேபிளில். ஒரே மனிதரிடமிருந்து மூன்று லேபிள்களுக்கு வந்துவிட்டோம், மூன்றும் மூன்று விதம். ராஸ்டர்-நோட்டனில் ஊசிமுனை போன்ற டிஜிட்டல் ஒலிகள். 12கேயில் கிட்டாரும் டேப் இரைச்சலும் காற்றும். டச்சில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வெளி. டச் பட்டியலில் இன்னும் கொஞ்சம் இறங்கினால் 2009இல் ஹில்டுர் குட்னடோட்டிர் செல்லோவை வைத்துச் செய்த ‘வித்தவுட் சிங்க்கிங்’ (Without Sinking) இருக்கிறது. பத்தாண்டுக்குப் பிறகு ‘ஜோக்கர்’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். டச்சைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அவர் பெயர் அதற்கு வெகு முன்பே தெரியும்.

லேபிளை இவ்வளவு நம்பக் காரணம் இருக்கிறது. இந்த இசையில் பெரும்பாலான லேபிள்களை ஒருவரோ இருவரோதான் நடத்துகிறார்கள். என்ன வெளியிடுவது என்பதை அவர்கள் காதுதான் முடிவு செய்கிறது. பிரிஸ்பேனில் ரூம்40 நடத்தும் லாரன்ஸ் இங்கிலீஷ் தானும் ஒரு கலைஞர். சிகாகோவில் 1993இல் தொடங்கிய கிராங்கியில் ஸ்டார்ஸ் ஆஃப் த லிட், டிம் ஹெக்கர், குரூப்பர், லாசில் எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஒருவர் போல இன்னொருவர் இல்லை, ஆனாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதும் தெரிந்துவிடும். ஒரு லேபிளில் மூன்று ஆல்பங்கள் பிடித்துவிட்டால் நான்காவதை முன்னோட்டம்கூடக் கேட்காமல் முழுசாகக் கேட்பேன். எந்த லேபிளில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குத் தொகுப்பு ஆல்பங்கள் நல்லவை. கொலோனில் உள்ள காம்பாக்ட் லேபிள் 2001 முதல் ஆண்டுதோறும் ‘பாப் ஆம்பியன்ட்’ என்று ஒரு தொகுப்பு போடுகிறது. ஏதாவது ஓர் ஆண்டின் தொகுப்பை எடுத்து, அதில் பிடித்த இரண்டு பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டாலே போதும்.

அடுத்தது மாஸ்டரிங். யாரும் கவனிக்காத வரி இது, எனக்கு அதிகம் கொடுத்ததும் இதுதான். ஆல்பம் வெளிவருவதற்கு முன் அதன் ஒலியைக் கடைசியாகச் சரிபார்த்து அனுப்புபவர் மாஸ்டரிங் பொறியாளர். கிட்டத்தட்ட என் வேலைதான், ஒலியில் செய்கிறார்கள். மிக மெல்லிய ஒலி, நீண்ட ஒலி, அடியில் கிடக்கும் இரைச்சல் ஆகியவற்றைக் கெடுக்காமல் கையாள எல்லோருக்கும் வராது. அதனால் ஆம்பியன்ட் கலைஞர்கள் சுற்றிச் சுற்றிச் சிலரிடமே போகிறார்கள். அந்தச் சிலரும் பெரும்பாலும் இதே இசையைச் செய்பவர்கள். டெய்லர் டுப்ரீ, லாரன்ஸ் இங்கிலீஷ், ஸ்டெஃபான் மத்தியூ, ரஃபேல் ஆன்டன் இரிசாரி எல்லோரும் சொந்த ஆல்பங்கள் வெளியிட்டவர்கள், மற்றவர்களுக்கு மாஸ்டரிங்கும் செய்பவர்கள். கொஞ்சம் முரட்டுத்தனமான, சோதனை முயற்சியான எலக்ட்ரானிக் பக்கம் போனால் பெர்லினின் ரஷாத் பெக்கர் பெயர் மறுபடி மறுபடி வரும்.

இதற்கு டிஸ்காக்ஸ் தளம் வேண்டும். 2000இல் எலக்ட்ரானிக் இசைத்தட்டுகளின் பட்டியலாகத்தான் அது தொடங்கியது, அதனால் இந்தத் துறையில் அதன் தகவல்கள் ஆழமானவை. ஆல்பத்தின் பக்கத்தில் ‘கிரெடிட்ஸ்’ பகுதிக்குப் போய் மாஸ்டரிங் செய்தவரின் பெயரைச் சொடுக்குங்கள். அவர் கைபட்ட எல்லாமே வரும், ஆண்டு வாரியாக அடுக்கிப் புதியதை மேலே கொண்டுவரலாம். உங்களுக்குத் தெரியாத கலைஞர், தெரியாத லேபிள், ஆனால் தெரிந்த மாஸ்டரிங் பெயர் என்றால் அதைக் கேளுங்கள். வேறு எந்த வழியிலும் கண்ணில் பட்டிருக்காத சின்னச் சின்ன கேசட் வெளியீடுகள் எனக்கு இப்படித்தான் கிடைக்கின்றன.

டிஸ்காக்ஸின் இன்னொரு பயன் புனைபெயர்கள். எலக்ட்ரானிக் இசையில் ஒருவருக்கு ஒரு பெயர் என்கிற கணக்கே இல்லை. ஏஃபெக்ஸ் ட்வின் என்று நாம் அறிந்த ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், ஏஎஃப்எக்ஸ் என்றும் பாலிகன் விண்டோ என்றும் வெளியிட்டிருக்கிறார். காம்பாக்டின் நிறுவனர்களில் ஒருவரான வோல்ஃப்காங் ஃபோக்ட்தான் ‘காஸ்’ என்ற பெயரிலும் வெளியிடுபவர். ஹுவர்கோ எஸ். என்ற பிரையன் லீட்ஸ் 2018இல் பெண்டன்ட் என்ற பெயரில் ஓர் ஆல்பத்தைத் தன்னுடைய வெஸ்ட் மினரல் லேபிளில் போட்டார். ஹுவர்கோ எஸ். பெயரை மட்டும் பின்தொடர்ந்தவர்களுக்கு அது தட்டுப்படாமலே போயிருக்கும். பிடித்த கலைஞரின் பக்கத்தில் ‘ஏலியசஸ்’ என்ற வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெயர்கள் சேர்ந்த பிறகு, புதிதாக எதுவும் வந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு, கலைஞர்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் போதும். பிடித்த லேபிள்களை அங்கே ‘ஃபாலோ’ செய்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னஞ்சல் வரும். கலைஞர்களைவிட லேபிள்களை அதிகம் பின்தொடருங்கள். கலைஞர் ஓர் ஆல்பத்துக்கு மூன்று ஆண்டு எடுத்துக்கொள்வார், லேபிள் அதற்குள் இருபது பேரை அறிமுகம் செய்திருக்கும். அந்த மின்னஞ்சல்களுக்குத் தனிக் கோப்புறை போட்டுவிடுங்கள். நான் அதை வெள்ளிக்கிழமை மாலைதான் திறப்பேன். 2015 ஜூலை முதல் பெரும்பாலான நாடுகளில் புது ஆல்பங்கள் வெள்ளியன்று வெளியாகின்றன, அதனால் வாரத்தில் வேறு நாளில் தேடுவது வீண் அலைச்சல். ‘பேண்ட்கேம்ப் ஃபிரைடே’ என்று சில வெள்ளிகளை அந்தத் தளம் முன்கூட்டியே அறிவிக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய ஏற்பாடு இது. அன்றைக்குத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது, மற்ற நாட்களில் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் எடுக்கும். அதனால் சிறு கலைஞர்கள் பலர் அந்த நாளுக்காகவே வெளியீட்டைத் தள்ளி வைக்கிறார்கள். அன்று வருவது ஒரே மாலையில் கேட்டு முடிகிற அளவில் இருக்காது. விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு ஆற அமரக் கேளுங்கள்.

அதே தளத்தில், ஆல்பத்தை வாங்கியவர்களின் சிறு படங்கள் ஆல்பத்தின் பக்கத்திலேயே வரிசையாக இருக்கும். சிலர் ஏன் பிடித்தது என்று ஓரிரு வரி எழுதியிருப்பார்கள். அப்படி எழுதியவரின் படத்தைச் சொடுக்கினால் அவர் வாங்கிய மொத்தத் தொகுப்பும் திறக்கும். எல்லோரும் வாங்கும் பெரிய ஆல்பத்தின் பக்கத்தில் இதைச் செய்வதில் பயன் குறைவு. நாற்பது ஐம்பது பேர் மட்டுமே வாங்கிய ஆல்பத்தின் பக்கத்தில் செய்யுங்கள். அங்கே உங்கள் காதுக்கு நெருக்கமான ஒருவராவது இருப்பார், அவரைப் பின்தொடர்ந்தால் அவர் வாங்குவது உங்களுக்கும் தெரியவரும்.

டேக் (வகைப்பெயர்) வழியாகத் தேடுவதென்றால் வெறும் ‘ஆம்பியன்ட்’ என்று போடாதீர்கள். ட்ரோன் (விடாமல் நீளும் சுருதி), டப் டெக்னோ, ஃபீல்டு ரெக்கார்டிங் (வெளியிடங்களில் பதிந்த ஒலி), டேப் லூப்ஸ், மாடுலர் சின்தசைசர் என்று குறுக்கிப் போடுங்கள். கருவியின் பெயரும் நல்ல வலை. பெடல் ஸ்டீல் கிட்டாரைத் தேடிப் போனால் சக் ஜான்சனின் 2017 ஆல்பம் ‘பால்சம்ஸ்’ போன்றவை கிடைக்கும். அமெரிக்க ‘கன்ட்ரி’ இசை மேடைகளின் கருவி, அவர் கையில் மூடுபனியாகிவிடுகிறது.

வானொலி எனக்கு இன்னமும் உயிரோடு இருக்கிறது. லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ் வானொலியின் பழைய நிகழ்ச்சிகளை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பலவற்றுக்கு டிராக் பட்டியலும் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சோமா எஃப்எம் விளம்பரமே இல்லாமல், கேட்பவர்களின் நன்கொடையில் ஓடுகிறது. அதில் ‘ட்ரோன் ஜோன்’ அலைவரிசை வேலைநேரத்துக்கு ஏற்றது, என்ன ஓடுகிறது என்பது திரையில் தெரியும். பிலடெல்பியாவின் ‘ஸ்டார்ஸ் எண்ட்’ நிகழ்ச்சி 1976இலிருந்து வருகிறது. வானொலியில் கேட்டுப் பிடித்தால் அந்த நிமிடமே பெயரைக் குறித்துவிடுங்கள். இந்த இசையை முணுமுணுத்துப் பார்த்துப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மறுவெளியீடுகளையும் புது வெளியீடாகவே நான் எண்ணுகிறேன். ஹிரோஷி யோஷிமுராவின் முதல் ஆல்பம் ஜப்பானில் 1982இல் வந்தது. வெளியே பலருக்கு அது கைக்குக் கிடைத்தது 2017 மறுவெளியீட்டில்தான், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. 2019இல் ஸ்பென்சர் டோரன் தொகுத்த ‘கன்க்யோ ஒங்காகு’ அந்தக் காலத்து ஜப்பானிய ஆம்பியன்ட் முழுவதற்கும் வாசல் திறந்தது. இங்கேயும் தொகுத்தவரின் பெயரைப் பிடியுங்கள். டோரனின் விசிபிள் குளோக்ஸ் இசைக்குழு, அதே 2019இல் அந்த மூத்த தலைமுறையைச் சேர்ந்த யோஷியோ ஓஜிமா, சத்சுகி ஷிபானோவோடு சேர்ந்து ‘செரெனிடாட்டம்’ என்ற ஆல்பத்தைச் செய்தது. பழையதைத் தேடிப் போனவர்களுக்குப் புதியதே கையில் வந்து விழுந்தது.

விழாப் பட்டியல்களும் உதவும், போக வேண்டிய அவசியம் இல்லை. கிராகோவின் அன்சவுண்ட், மாண்ட்ரியலின் மியூடெக், பெர்லின் அடோனல் ஆகியவற்றின் கலைஞர் பட்டியலை எடுத்து, தெரிந்த பெயர்களை அடித்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

இவ்வளவும் சேர்த்த பிறகு கேட்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்தின் அரை நிமிடத்தை வைத்து ஆம்பியன்ட் டிராக்கைத் தீர்ப்பிடாதீர்கள். பதினைந்து நிமிட ட்ரோன் ஒன்றில் முதல் நிமிடம் காலியாகவே இருக்கலாம், ஏழாவது நிமிடத்தில்தான் அடியில் ஒரு சுருதி நகரும். முழுதாகக் கேட்க நேரமில்லையென்றால் நடுவிலிருந்து ஐந்து நிமிடம் கேளுங்கள். பிடித்தால் முதல் தடவை குறைந்த ஒலியில், வேலையின் பின்னணியில் ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை ஹெட்ஃபோனில், வேறெதுவும் செய்யாமல். பின்னணியில் இதமாக இருந்த பல ஆல்பங்கள் இந்த இரண்டாம் தடவையில் வெறுமையாகிவிடும். தாக்குப்பிடிப்பதை மட்டும் வாங்குகிறேன்.

நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம், லேபிள், மாஸ்டரிங், எங்கே கிடைத்தது, ஒரு வரிக் கருத்து. ‘எங்கே கிடைத்தது’ என்ற பத்தியை ஒருபோதும் விடாதீர்கள். ஆண்டு முடிவில் அதை மட்டும் மேலிருந்து கீழே படித்தால், எந்த லேபிள், எந்த வானொலி நிகழ்ச்சி, எந்த முகம் தெரியாத நண்பர் உங்களுக்கு உண்மையில் இசை தந்தார் என்பது தெரியும். எதுவும் தராத மின்னஞ்சல்களை அன்றே நிறுத்திவிட்டு, அந்த ஆண்டு அதிகம் கேட்ட ஆல்பத்தின் பின்பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத பெயர் எது என்று பாருங்கள். அடுத்த ஆண்டுக்கு முதலில் பின்தொடர வேண்டியது அந்தப் பெயரை.