பறக்கும் தட்டு வருகிறது, கப்பை நகர்த்து

வீட்டிலேயே கம்ப்யூட்டர் எஃபெக்ட் சேர்த்துக் காமெடி ஸ்கெட்ச், அதாவது குட்டி நகைச்சுவை வீடியோ, எடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஜோக்கை எழுதும் முன்பே சாப்ட்வேரை இறக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். ஒரு மாதம் உட்கார்ந்து வெடிப்பு, புகை, லேசர் என்று எல்லாம் கற்றுக்கொண்டு ஒரு வீடியோ போட்டேன். வெடித்தது, புகைந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதனால் முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். பேப்பரில் எழுதுங்கள், எழுதியதை யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள். "ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஜன்னல் வழியாகத் தட்டு அளவில் ஒரு பறக்கும் தட்டு வந்து மேசை மேல் இறங்கப் பார்க்கிறது, அவன் தலையைக் கூட நிமிர்த்தாமல் தன் கப்பை நகர்த்தி இடம் விடுகிறான்" என்று சொன்னாலே கேட்கிறவர் லேசாகச் சிரித்தால் அது தேறும். இதில் கம்ப்யூட்டர் செய்யப்போவது பறக்கும் தட்டு, சிரிக்கவைக்கப்போவது அந்தக் கப். கப்பை நகர்த்த எந்த சாப்ட்வேரும் வேண்டாம். ஒரு ஸ்கெட்சுக்கு ஒரு எஃபெக்ட், ஒன்றரை நிமிடத்துக்குள் கதை. இதை மீறித்தான் ஆவேன் என்றால் மீறுங்கள், ஆனால் பத்து ஸ்கெட்ச் எடுத்த பிறகு.

சரி, ஷூட்டிங். கேமரா அசையக் கூடாது, அவ்வளவுதான், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அசைகிற கேமராவில் ஒரு பொருளை ஒட்டவைக்க மோஷன் ட்ராக்கிங் வேண்டும், அதாவது படத்தில் தெளிவாகத் தெரியும் புள்ளிகளைத் தொடர்ந்து கேமராவின் அசைவைக் கணக்கிடுவது. பிளெண்டர் என்ற முப்பரிமாண சாப்ட்வேரில் அதைச் செய்ய ஒவ்வொரு ஃபிரேமிலும் குறைந்தது எட்டுப் புள்ளிகளாவது பிடிபட வேண்டும், வெள்ளைச் சுவரும் வழவழ மேசையும் உள்ள அறையில் எட்டுப் புள்ளிக்கு எங்கே போவது? ட்ரைபாட் இல்லாவிட்டால் புத்தக அடுக்கின் மேல் ஃபோனைச் சாய்த்து வையுங்கள். கை நடுக்கத்தைச் சமன் செய்கிற ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள், அது ஆன் ஆக இருந்தால் ஃபோன் அசையாமல் இருந்தாலும் படம் லேசாக மிதக்கும். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் நடிப்பவர் கையை நீட்டியதும் அறையே இருண்டு மறுபடி வெளுக்கும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிகிற ஆப் இருந்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள ஊரில் 1/50, 60 ஹெர்ட்ஸ் உள்ள ஊரில் 1/60 விநாடி வையுங்கள், விளக்கு வெளிச்சம் துடிக்காது.

நடிப்பு முடிந்ததும் எல்லோரும் ஃபிரேமை விட்டு வெளியே போய், காலி அறையைப் பத்து விநாடி எடுத்து வையுங்கள். இதற்குக் க்ளீன் பிளேட் என்று பெயர். பத்து விநாடி சோம்பேறித்தனத்தால் இதை விட்டுவிட்டு, அப்புறம் பொருளைத் தொங்கவிட்ட கயிற்றை அழிக்கவோ ஆளை மறைய வைக்கவோ ராத்திரி முழுக்கப் போராடியிருக்கிறேன். க்ளீன் பிளேட் இருந்தால் அந்த இடத்தில் ஒரு மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வெட்டு) போட்டு அடியில் இருக்கிற காலி அறையைத் தெரியவிட்டால் போதும்.

தனியாக எடுக்கிறவர்களுக்குப் பெரிய வரம், ஒருவரே இருவராக வருவது. 1921-லேயே மௌனப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் லென்ஸுக்கு முன்னால் பட்டை பட்டையாகத் திறக்கிற ஒரு மறைப்பை மாட்டி, அதே ஃபிலிமைத் திரும்பத் திரும்பச் சுற்றி, ஒரே மேடையில் ஒன்பது பேராக ஆடிக் காட்டிவிட்டார். நமக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு வீடியோ லேயரும் ஒரு மாஸ்க்கும் போதும். முதல் டேக்கில் இடது பக்கம் உட்காருங்கள், இரண்டாவதில் வலது பக்கம், நடுவில் கதவு விளிம்பு மாதிரி ஏதாவது நேர்க்கோடு இருந்தால் அங்கே வெட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். அந்தக் கோட்டைக் கையோ நிழலோ தாண்டக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள்: இரண்டு டேக்குக்கு நடுவில் மேகம் வந்து போனதில் என் ஒரு பாதி காலையிலும் மறுபாதி சாயங்காலத்திலும் உட்கார்ந்திருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கில் எடுங்கள். டைமிங்குக்கு ஒரு வழி: முதல் டேக்கின் வசனத்தை ஒற்றை இயர்ஃபோனில், கேமராவுக்குத் தெரியாத காதில் ஓட விட்டு, அதற்குப் பதில் சொல்லி நடியுங்கள். எதிராளி இருக்கும் இடத்தில், உங்கள் கண் மட்டத்தில் சுவரில் ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டிக்கொண்டால் பார்வை அலையாது.

பின்னால் தொங்கவிட்டு, அந்த நிறத்தை மட்டும் நீக்கி வேறு பின்னணி வைக்க உதவும் பச்சைத் துணியைப் பற்றிக் கேட்பீர்கள். பெரும்பாலான கேமரா சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே போகின்றன, தோலிலும் அந்த நிறம் இல்லை, அதனால்தான் பச்சை. துணியில் சுருக்கம் இருக்கக் கூடாது, துணிக்குத் தனி விளக்கு, நடிப்பவர் துணியை விட்டு ஓர் ஆள் நீளமாவது தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காதோரமெல்லாம் பச்சை அடிக்கும். ஆனால் உங்கள் கதை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்றால் துணியே தேவையில்லை, உண்மையான அறையை விட நம்பும்படியான பின்னணி ஏது?

இப்போது பறக்கும் தட்டு. பிளெண்டர் இலவசம். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டின மாதிரி ஓர் உருவம் செய்ய ஒரு மணி நேரம் கூட ஆகாது, அசிங்கமாக இருந்தாலும் காமெடியில் மன்னித்துவிடுவார்கள். மன்னிக்காதது என்னவென்றால் தட்டு மேசை மேல் உட்காராமல் தொங்குவது. அதற்கு மூன்று விஷயம்.

முதலில் கேமரா. உங்கள் ஃபோன் லென்ஸின் 35 மிமீ கணக்கிலான ஃபோகல் லெங்த், அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதைக் காட்டும் எண், உதாரணத்துக்கு 26, ஃபோனில் எடுத்த படத்தின் விவரங்களிலேயே இருக்கும். பிளெண்டர் கேமராவின் சென்சார் அகலம் தொடக்கத்திலேயே 36 மிமீ என்று இருப்பதால் அந்த எண்ணை அப்படியே ஃபோகல் லெங்த்தில் போடலாம். வீடியோவில் ஃபோன் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டும் என்பதால் எண்ணைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். மேசையின் நீள அகலத்தை டேப்பால் அளந்து அதே அளவில் ஒரு தளத்தை வைத்து, வீடியோவில் உள்ள மேசை விளிம்போடு பொருந்தும்வரை கேமராவை நகர்த்துங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு எஃப்ஸ்பை என்ற இலவசக் கருவி இருக்கிறது, மேசையின் இணையான ஓரங்களைக் காட்டினால் அதுவே கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

அடுத்தது நிழல். அந்தத் தளத்தை, பிளெண்டரிலேயே இருக்கிற சைக்கிள்ஸ் ரெண்டரில் ஷேடோ கேட்சர் (நிழல் பிடிப்பான்) என்று குறித்தால் தளம் மறைந்து நிழல் மட்டும் நிற்கும். அறையில் விளக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இங்கேயும் ஒரு விளக்கு. கப்பின் நிழலைப் பாருங்கள், தட்டின் நிழலும் அதே பக்கம், அதே அளவு மங்கலாக விழ வேண்டும்.

மூன்றாவது நிறம். பிளெண்டர் வழக்கமாக ஏஜிஎக்ஸ் என்ற முறையில் நிறத்தைக் காட்டும், அது வீடியோவோடு சேரும்போது ஒட்டாமல் வெளிறித் தெரியும். கலர் மேனேஜ்மென்டில் ஸ்டாண்டர்ட் என்று மாற்றுங்கள். கடைசியில் தட்டின் மேல் லேசான மங்கலும் கொஞ்சம் புள்ளி இரைச்சலும் சேர்த்துவிடுங்கள், ஃபோன் வீடியோ அவ்வளவு சுத்தமாக இருக்காது, தட்டும் இருக்கக் கூடாது.

ரெண்டர் போடும்போது, அதாவது பிளெண்டர் ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு வரையும்போது, நேராக வீடியோவாகப் போடாதீர்கள். 30 ஃபிரேம் வேகத்தில் 10 விநாடி என்றால் 300 படங்கள், படத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம். ஒரு ராத்திரி அப்படி விட்டுப் படுத்தேன், விடியற்காலையில் கரண்ட் போனது, எழுந்து பார்த்தால் திறக்கவே மறுக்கிற ஒரு வீடியோ ஃபைல். இப்போதெல்லாம் பின்னணி ஒளிபுகும்படி வைத்து பிஎன்ஜி படங்களாகத்தான் போடுகிறேன். 211-ல் நின்றால் 212-லிருந்து தொடரலாம். சாம்பிள் எண்ணிக்கையை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியை எத்தனை முறை கணக்கிடுவது என்பதை) 128 அளவில் வைத்து, புள்ளி இரைச்சலைத் துடைக்கிற டினாய்ஸரை ஆன் செய்தால் ஃபோனில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

எல்லாவற்றையும் சேர்க்க டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாப்ட்வேரின் இலவசப் பதிப்பு போதும். ஃபோன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால் போகப்போக உதடும் குரலும் விலகலாம், அந்த வீடியோவை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாப்ட்வேரில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தள்ளி நிற்கும் ஃபோனின் மைக் அறையின் எதிரொலியைத்தான் பிடிக்கும், இன்னொரு ஃபோனை மேசைக்கடியில் ஒளித்து அதில் குரலைப் பதிவு செய்யுங்கள், ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, இரண்டையும் பொருத்த. தட்டு இறங்கும்போது பெரிய இயந்திரச் சத்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஒரு ஸ்டீல் மூடியை மேசையில் சுழல விட்டு, அது ஆடி அடங்கும் சத்தத்தை வைத்ததும் அந்தத் தட்டுக்கு எடை வந்துவிட்டது.

முடித்த பிறகு, கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஓட விடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். என் வீடியோவில் கப் நகர்ந்த பிறகும் ஒன்றரை விநாடி ஷாட் நீண்டது, பார்த்தவர் அதற்குள் சிரித்து முடித்துவிட்டார். முதலில் ஆறு ஃபிரேம் வெட்டினேன், அப்புறம் பத்து. கடைசியில் கப் நின்ற அந்த ஃபிரேமிலேயே கட்.