இயலாமை உதவித்தொகைக்கு வழக்கறிஞர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய இயலாமல் போனவர்கள் அந்நாட்டு அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்திடம் உதவித்தொகை கோரினால், முதல் விண்ணப்பம் பெரும்பாலும் மறுக்கப்படுகிறது. அதன்பின் வழக்கறிஞரைத் தேடுவதில் நேரும் பிழைகள் அந்த மறுப்பைவிடப் பெரிய இழப்பில் கொண்டுபோய் விடுவதுண்டு.

அவற்றுள் முதன்மையானது, கட்டணத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடுவது. இவ்வழக்குகளில் வழக்கமான ஒப்பந்தப்படி, வென்றால் மட்டுமே கட்டணம் உண்டு. அதுவும் கடந்த மாதங்களுக்காகச் சேர்த்துக் கிடைக்கும் நிலுவைத் தொகையில் 25 விழுக்காடு அல்லது 9,200 டாலர், இவற்றில் எது குறைவோ அவ்வளவுதான். 2024 நவம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த இந்த வரம்புக்கு உட்பட்ட கட்டணத்துக்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே, திருப்பித் தர முடியாத முன்பணம் கேட்பவரிடமும், வெற்றி உறுதி என்று வாக்களிப்பவரிடமும் கையெழுத்திட வேண்டாம். மருத்துவ ஆவணங்களைப் பெறும் செலவு தனி என்பதால், தோற்றாலும் அதைத் தர வேண்டுமா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தயக்கத்தில் கழியும் நாட்களுக்குத்தான் விலை அதிகம். மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 5 நாட்களில் அது கைக்கு வந்துவிட்டதாகவே கொள்ளப்படும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு, புதிதாக விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வேலை பார்த்து வரி செலுத்தியவர்களுக்கான இயலாமைக் காப்பீடான எஸ்எஸ்டிஐ திட்டத்தில், விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 12 மாதங்களுக்கு மேல் நிலுவை கிடைக்காது என்பதால், பழைய விண்ணப்பத்தைக் கைவிடும்போது அதனுடன் சேர்ந்த மாதங்களும் போய்விடக்கூடும். மேலும், தொடர்ந்து வேலை பார்த்தவருக்கும் வேலையை நிறுத்தி ஏறத்தாழ 5 ஆண்டுகளில் காப்பீட்டுத் தகுதி முடிந்துவிடுகிறது. இயலாமை அதற்கு முன்பே தொடங்கியது என்று பின்னாளில் மெய்ப்பிப்பது மிகக் கடினம். இரு நாடுகளிலும் பணிசெய்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் உடன்பாடு இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இல்லாததால், ஊரில் பணிசெய்த ஆண்டுகள் இந்தத் தகுதிக்குக் கணக்கில் வரா என்பதையும் அங்குள்ள நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். எனவே முதல் சந்திப்பிலேயே, தகுதி முடியும் நாள் எது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதைக் கணக்கிட்டுச் சொல்ல அக்கறை காட்டாதவர் இந்த வழக்குக்கு ஏற்றவர் அல்லர்.

விளம்பரத்தைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேல்முறையீட்டு விசாரணையில் நீதிபதி முன் யார் நிற்பார் என்று கேட்காமல் விடுவது அடுத்த தவறு. வழக்கறிஞர் அல்லாத பிரதிநிதிகளும் வாதாடச் சட்டம் இடமளிக்கிறது; அவர்களில் திறமையானவர்கள் உண்டு. எனினும் விசாரணைக்கு வரப்போகிறவர் உங்கள் கோப்பைப் படித்தவராக இருப்பது முக்கியம். வேலையிடம் வழியாக எடுத்த இயலாமைக் காப்பீட்டில் பணம் கோருவதற்குச் சட்டமே வேறு என்பதால், அதற்குத் தனி அனுபவம் தேவை.

வழக்கறிஞர் கிடைத்துவிட்டார் என்று ஒதுங்கிவிடுவதும் ஆபத்தானது. சிகிச்சையை நிறுத்தினால் ஆதாரமும் நின்றுபோகும். புதிய மருத்துவர், புதிய பரிசோதனை, இடையில் செய்த சிறு வேலை என எல்லாவற்றையும், பாதகமானதாகத் தோன்றினாலும், அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆவணங்களை விசாரணைக்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன்னரே அளிக்க வேண்டும், அல்லது அவை பற்றித் தெரிவிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுபவர், உறவினரை நம்பி வராமல், நிர்வாகம் இலவசமாக அளிக்கும் மொழிபெயர்ப்பாளரை வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம்.