ரோட்டோரம் கடை, போர்டு: டேப்பை எங்கிருந்து பிடிப்பது?

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். கோவை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரளத்துக்குள் இறங்கும் எந்த ரோட்டிலும் ஒரே காட்சிதான். பேக்கரி, டயர் கடை, தேங்காய் மண்டி. எல்லாவற்றுக்கும் முன்னால் ரோட்டை நோக்கி நீட்டிய தகரக் கூரை. அதற்கும் முன்னால் ஒரு போர்டு. அதை அகற்றச் சொல்லி நெடுஞ்சாலை நோட்டீஸ் வந்ததும் எல்லோரும் சொல்வது, "என் பட்டா இடத்தில்தானே வைத்திருக்கிறேன்?" என்பதுதான். சிக்கலே அங்கேதான். நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டா இடத்திலும் கட்டக் கூடாத பட்டை ஒன்று உண்டு. அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பதிவு. பட்டா எடுப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரோடு யாருடையது?

முதலில் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல் பழசாக இருக்கலாம், அதனால் இது தொடக்கத்துக்கு மட்டும். பத்திரத்தில் "என்.எச். 47" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2010இல் எண்கள் மாறியபோது சேலம்-கோவை-வாளையார்-எடப்பள்ளி ரோடு 544 ஆனது. பொள்ளாச்சி ரோடு 209 என்று இருந்தது, இப்போது 83.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை நிலம் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். உங்கள் ஆதார் முகவரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் மாநிலச் சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. கேரளத்துக்குள் என்றால் கேரள நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், 1999. தேசிய நெடுஞ்சாலை என்றால் இரண்டு பக்கமும் மத்தியச் சட்டங்கள்: 1956இன் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமும், நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றிய 2002இன் சட்டமும். தேசிய நெடுஞ்சாலையிலேயே சில பகுதி என்எச்ஏஐ (தேசிய நெடுஞ்சாலை ஆணையம்) கையில், சில பகுதி மாநிலத் துறையின் என்.எச். பிரிவின் கையில் இருக்கும். தப்பான ஆபீசில் மனு கொடுத்தால் அது சுற்றி வருவதற்குள் மழைக்காலம் போய்விடும்.

படி 2: காகிதம்

தமிழ்நாட்டுப் பக்கம் புலப்பட நகலும் (எல்லோரும் எஃப்எம்பி என்பது) 'அ' பதிவேடும் (கிராம நிலப் பதிவேடு) ஆன்லைனில் எடுத்துவிடலாம். கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ். அங்கே "போக்குவரவு முடிந்ததா?" என்று கேட்டால் லாரி போக்குவரத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்; நம் ஊர் பட்டா மாறுதல்தான் அது. பரப்பு 'ஆர்' கணக்கில் இருக்கும்: 1 ஆர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் 20.12 செ.மீ.

அதைவிட முக்கியம், நிலமெடுப்பு அறிவிக்கை. தேசிய நெடுஞ்சாலை அகலப்படுத்த நிலம் எடுக்கும்போது 1956 சட்டத்தின்படி முதலில் நிலம் எடுக்கப்போவதைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை, பிறகு ஓராண்டுக்குள் எடுத்ததை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வரும். 3டி அரசிதழில் வந்த அன்றே அந்தச் சர்வே எண்ணில் குறித்த பரப்பு மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. ஆனால் உட்பிரிவு செய்து பட்டாவில் ஏற்ற நாளாகும். அந்த இடைவெளியில் பட்டா விற்பவர் பெயரிலேயே நிற்கும். வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். சர்வே எண்ணை வைத்து அறிவிக்கைகளைத் தேடிப் பாருங்கள். மத்திய அரசின் நிலமெடுப்புத் தளமான பூமிராசியில் திட்டவாரியாக இருக்கும்.

படி 3: நடுக்கோடு

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ரோட்டோரத்தில் நான்கு கோடுகள் இருக்கின்றன; ஒன்றை இன்னொன்றாக நினைத்து அளந்துவிடுகிறோம்.

தார் முடியும் ஓரம் ஒன்று. இது வெறும் தார். எதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டாவது, சாலை நிலத்தின் எல்லை, அதாவது புறம்போக்கு முடிந்து உங்கள் பட்டா தொடங்கும் இடம். மூன்றாவது கட்டிடக் கோடு. ரோட்டுக்கும் அதற்கும் நடுவே கட்டிடம் கூடாது. நான்காவது கட்டுப்பாட்டுக் கோடு. கட்டிடக் கோட்டுக்கும் இதற்கும் இடையில் அனுமதியோடு மட்டும் கட்டலாம்.

சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரசின் (ஐ.ஆர்.சி.) 73ஆம் எண் வழிகாட்டி தரும் அளவுப்படி, ஊருக்கு வெளியே சமவெளியில் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்கு இருபக்கக் கட்டிடக் கோடுகளுக்கு இடையே 80 மீட்டர், கட்டுப்பாட்டுக் கோடுகளுக்கு இடையே 150 மீட்டர். அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் 40, 75. மாவட்ட முக்கிய சாலைக்கு 50, 100. பாதியாக 25, 50. ஊருக்குள் கணக்கே வேறு. அங்கே நடுவிலிருந்து அளப்பதில்லை. சாலை நில எல்லையிலிருந்து 3 முதல் 6 மீட்டர் பின்வாங்கல். இவை வழிகாட்டு அளவுகள். உங்கள் ரோட்டுக்கு மாநிலம் தனியாக அறிவித்த கோடு இருந்தால் அதுவே செல்லும். கேரள ஊராட்சிப் பகுதியில் இதற்கு மேல் 1994இன் ஊராட்சிச் சட்டம் பிரிவு 220 சொல்லும் 3 மீட்டர் விதியும் உண்டு.

ஒரு கணக்கு. 45 மீட்டர் அகலத்துக்கு எடுத்த தேசிய நெடுஞ்சாலை, பாதி 22.5. கட்டிடக் கோடு 40இல். உங்கள் நிலத்தின் முகப்பில் 17.5 மீட்டர், ஏறக்குறைய 57 அடி, உங்களுடையதுதான், ஆனால் கட்ட முடியாது. ரோட்டிலிருந்து பின்னால் 20 மீட்டர் நீளமுள்ள மனை என்றால் மிச்சம் இரண்டரை மீட்டர். தரகர் "ஃபுல் ஃப்ரண்டேஜ் சார்" என்று சொல்லும்போது இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பாருங்கள்.

சரி, அந்த "நடு" எது? கண்ணுக்குத் தெரியும் மீடியனின் நடு என்று எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கோயில், வாய்க்கால், ரயில் பாதை ஒரு பக்கம் இருந்தால் அகலப்படுத்தலை மறுபக்கமே செய்திருப்பார்கள். அங்கே தாரின் நடுவும் திட்ட வரைபடத்தின் மையக்கோடும் பல மீட்டர் விலகி நிற்கும். சர்வீஸ் ரோடு ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் அப்படியே. அதனால் கேட்க வேண்டியது நிலமெடுப்பு வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே உள்ள செயினேஜ் (ரோட்டின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எத்தனையாவது கி.மீ., மீட்டர் என்ற கணக்கு), அந்த இடத்தில் மையக்கோட்டிலிருந்து இருபக்கமும் எல்லை எவ்வளவு என்பது. சில இடங்களில் இடது 18, வலது 27 என்று வரும். கூட்டினால் அதே 45தான். ஆனால் உங்கள் கடைக்கு 9 மீட்டர் வித்தியாசம்.

வாய்மொழியாகக் கேட்டால் "நார்மலா 40 மீட்டர் விட்டுருங்க" என்பார்கள். எழுத்தில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். கேட்க வேண்டியவை: சாலையின் வகையும் எண்ணும், இந்தச் சர்வே எண் எதிரே சாலை நில அகலம், மையக்கோட்டிலிருந்து இருபுற எல்லைத் தூரம், கட்டிடக் கோடு அறிவிக்கப்பட்ட ஆணையின் நகல், விரிவாக்கத் திட்டம் உண்டா. சித்தூர் தாலுகா பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இன்படி, சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதிலும் கேட்கலாம். யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள்.

அளக்க என்ன கருவி? 30 மீட்டர் ஃபைபர் டேப், இரண்டு ஆள், சுண்ணாம்புத் தூள். போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தாராளமாகத் தவறும். மூன்று மீட்டர் விதிக்கு அது எதற்கு? லேசர் மீட்டர் அறைக்குள் தங்கம். மத்தியான வெயிலில் புள்ளியே தெரியாது. கூகுள் எர்த்தில் ஒன்றே ஒன்றுக்குப் பயன் உண்டு: பழைய வருடப் படத்தைத் திருப்பி, ரோடு எந்தப் பக்கமாக அகலமானது என்று பார்க்கலாம். இறுதி அளவு மட்டும் சர்வேயர் வந்து கல்லுக்குக் கல் போட்டதாக இருக்கட்டும்.

படி 4: வழி

ரோட்டிலிருந்து உங்கள் இடத்துக்கு வண்டி திரும்பும் வழிக்கும் தேசிய நெடுஞ்சாலையில் தனி அனுமதி வேண்டும். வடிகால் மேல் சிமெண்ட் மெத்தி மூடிவிடுவதுதான் இங்கே வழக்கமான தப்பு. தூர்வார முடியாமல் தண்ணீர் ரோட்டுக்கு ஏறும், பிறகு ஜேசிபி வரும். கழற்றி எடுக்கும்படி ஸ்லாபோ இரும்புக் கம்பி மூடியோ போடுங்கள். சரிவு ரோட்டிலிருந்து விலகி உங்கள் பக்கம் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீரை உங்கள் எல்லைக்குள்ளேயே தனி வாய்க்கால் வெட்டி வடியுங்கள்.

படி 5: போர்டு

விளம்பரப் பலகைகளுக்கான வழிகாட்டி ஐ.ஆர்.சி. 46. சாலை நிலத்துக்குள் கூடாது. தார் ஓரத்திலிருந்து 10 மீட்டருக்குள் கூடாது. சந்திப்பு, பாலம், கிராசிங் இவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கூடாது. நகரத்துக்குள் 50 ஆகக் குறைக்கலாம். போக்குவரத்துப் பலகையிலிருந்து ரோட்டின் போக்கில் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ரோட்டுக்குக் குறுக்கே துணி பேனர் கட்டுவதும் இதில் தடை. மினுக்கும் விளக்கு, சிவப்பு-பச்சை சிக்னல் போலத் தோன்றும் டிசைன் வேண்டவே வேண்டாம். நெடுஞ்சாலைப் புளியமரத்தில் ஆணி அடிப்பதும், போர்டு தெரியக் கிளை வெட்டுவதும் தனி வம்பு.

உங்கள் கடை மேலேயே கடைப் பெயர் வைப்பது வேறு, அடுத்தவர் சரக்குக்கு ஹோர்டிங் வாடகை வாங்குவது வேறு. இரண்டாவதற்கு உள்ளாட்சி உரிமம் தனியாக வேண்டும். தமிழ்நாட்டில் கடைப் பெயரில் தமிழ் முதலில்; தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதம். எல்லைக் கடைகளில் மலையாளம் பெரிதாக, தமிழ் மூலையில் சின்னதாக எழுதி அபராதம் கட்டாதீர்கள்.

எழுத்து அளவு: 2.5 செ.மீ. உயர எழுத்தைச் சுமார் 12 மீட்டரிலிருந்து படிக்கலாம் என்பது கைக்கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் வரும் ஓட்டுநருக்கு 5 விநாடி கொடுக்க 110 மீட்டர் முன்பே தெரிய வேண்டும். அப்படியானால் 23 செ.மீ. தமிழுக்கு 28 வையுங்கள். சுழியும் புள்ளியும் தூரத்தில் அடைத்துக்கொள்ளும். ஐந்து போன் நம்பர் போட இடமிருக்காது. நல்லது.

படி 6: காற்று

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுக்காத ஃப்ரேம் இங்கே நிற்காது. இந்தியத் தரநிலை 875 மூன்றாம் பகுதி கோவைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். சதுர மீட்டருக்கு 0.6 × 39 × 39 = 912 நியூட்டன், சுமார் 93 கிலோ. இருபதுக்குப் பத்தடி போர்டில் அது 1,700 கிலோ தள்ளு. உயரத்துக்கும் வடிவத்துக்கும் இன்னும் கூடும். வெல்டிங் பட்டறைக்காரர் "ரெண்டு இஞ்ச் ஆங்கிள் போதும்" என்று சொல்வது இந்தக் கணக்கைப் போடாமல்தான். ஃப்ளெக்ஸில் நாலு துளை வெட்டினால் காற்று போய்விடும் என்று நம்பி இரும்பைக் குறைக்காதீர்கள். 2023 ஜூன் 1 அன்று இதே 544 ரோட்டில், கருமத்தம்பட்டியில் ஹோர்டிங் சாய்ந்து மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள்; ஃப்ளெக்ஸ் மாட்டிக்கொண்டிருந்த நேரம். பொறியாளர் கையெழுத்திட்ட ஸ்திரத்தன்மைச் சான்று இல்லாமல் ஆளை மேலே ஏற்ற வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஃப்ளெக்ஸ் மாற்றும் வேலையைக் காலை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

பார், மதுக்கடை: 2016 டிசம்பர் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது, 20,000 பேருக்குக் குறைவான ஊரில் அது பின்னர் 220 ஆனது. நகராட்சி எல்லைக்குள் பிறகு தளர்வு வந்தது. நெடுஞ்சாலையில் "மதுக்கடை இருக்கு" என்று அம்புக்குறி வைக்கும் போர்டுக்கும் அதே தீர்ப்பில் தடை.

"தகரக் கொட்டகைதானே, கட்டிடமா?" கட்டிடக் கோட்டுக்கு முன்னால் தகரமும் கட்டிடம்தான். போல்ட் போட்டு நிறுத்தியது, சக்கரம் வைத்தது என்று வாதாடிப் பயனில்லை. முகப்பில் விட வேண்டிய அந்த 57 அடியை மண் தட்டி, ஜல்லி போட்டு, லாரி நிறுத்தும் இடமாக விட்டுவிடுங்கள். டயர் கடைக்கும் மண்டிக்கும் கூரையைவிட அதுதான் வியாபாரம் தரும்.