வாய் கோணினால் மணியைப் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறதா? சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்கினாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார். குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறையோ குளச்சலோ, எந்த ஊரானாலும் பக்கத்து கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் சிடி ஸ்கேன் உள்ள இடத்துக்கே போங்கள். நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூளை ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அதனால் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். சுக்குக்காப்பி, தண்ணீர்கூட வேண்டாம், புரையேறிவிடும்.

நெஞ்சு பாரமாகி வேர்த்துக் கொட்டினால் "வாயுதான்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், தயவுசெய்து. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும். மூச்சு வாங்குவதும் அசதியும் மட்டுமே தெரியலாம். அப்போதும் 108தான். அப்புறம், அவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.